பூட்டியவர்: பூச்சியம்

கல்முனையிலிருந்து அறுகம்பே வரைக்கும் மின்கம்பத்திலும் கடை முகட்டிலும் பள்ளிக்கூட மதிலிலும் தொங்குகிற இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும், ஒரே ஒரு ஜும்ஆ நேரத்துக்குள், கதிரையை விட்டு அரை அங்குலம் எழும்பாமல், பால் தேத்தண்ணியில் ஆடை படிய முதல் மாற்றி முடித்த ஒரே மனிசி இந்தக் கிழக்குக் கரையில் கஜேந்தினிதான். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு பெட்டி அன்றைக்கு உலகத்திலேயே இருக்கவில்லை என்றும் சொன்னால் எழும்பியே போய்விடுவார்கள்.

கரைவலை என்பது ஓர் இன்டர்நெட் கம்பனியின் பெயர். கடலோரத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் கம்பி இழுத்துக் கொடுப்பது அதன் வேலை. கம்பி பிரிகிற இடமெல்லாம் ஒரு பெட்டி. பெட்டிகளுக்குள் ஏதாவது மாற்றவேண்டி வந்தால் நாலு பேர் மோட்டார் சைக்கிளில் போவார்கள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மடிக்கணினியைக் கம்பியால் கொழுவி, அதே நாற்பது வரியைத் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். ஐந்து கிழமை எடுக்கும். அறுகம்பேயில் கடைசிப் பெட்டியை மூடும்போது கல்முனையில் முதல் பெட்டி பழசாகியிருக்கும். அந்த நாலு பேரில் கஜேந்தினி ஒருத்தி. பதினொரு வருசம். அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு குழிக்கும் அவளுடைய முதுகில் தனித்தனியாக ஒரு நோ இருந்தது. ஹெல்மெற்றோடே சோறு தின்றிருக்கிறாள், ஹெல்மெற்றோடே கண்ணயர்ந்திருக்கிறாள், ஒருநாள் ஹெல்மெற்றோடே குளிக்கப்போய் மதுஷன்தான் பிடித்து நிறுத்தினான். மதுஷன் அவளுடைய புருசன். காரைதீவில் ஓட்டோ ஓடுகிறவன்.

களைத்துப் போனவர்களுக்குத்தான் மூளை வேலை செய்யும். பெட்டிகள் சீனாக்காரன் செய்தாலும் வெள்ளைக்காரன் செய்தாலும் எல்லாவற்றுக்கும் விளங்குகிற ஒரு பொதுப்பேச்சு இருக்கிறது, நெட்கொன்ஃப் என்பார்கள். நல்ல மரியாதையான பேச்சு. முதலில் நாம் வணக்கம் சொல்ல வேண்டும். பெட்டியும் வணக்கம் சொல்லித் தனக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு பட்டியல் தரும். பிறகு, நாம் வேலை செய்யும்போது வேறு ஆள் கை வைக்காமல் பெட்டியைப் பூட்ட வேண்டும். மாற்ற வேண்டியதை மாற்றிப் பூட்டைத் திறக்க வேண்டும். இவ்வளவையும் கதிரையில் இருந்தபடி இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியோடும் ஒரே நேரத்தில் கதைக்க வைக்கிற ஒரு புரோகிராமை அவள் மூன்று மாதமாக, பிள்ளை தூங்கின பிறகு, கொட்டாவி விட்டு விட்டு எழுதினாள்.

அவளுடைய தலைவர் நளீம் காக்காவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

"வாயால ஊதிப் பெட்டி மாத்தப் போறயா புள்ள?" என்று கேட்டார். "சரி. ஒரு வெள்ளிக்கிழமை தாறன். ஜும்ஆ நேரம். ஊரே பள்ளிக்குள்ள இரிக்கும், ஒருத்தனும் போன் நோண்ட மாட்டான். சரிவந்தா உனக்கு ஒபீஸில கதிரை. வரல்லண்டா திங்கக்கிழமை நீ பொத்துவில் றோட்டுல. மறுகா அந்தக் கதைய எடுக்கப்படாது."

கதிரை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சுழலாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லி முடிந்ததும் பஸார் தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கீழே புடவைக்கடை, அதற்குப் பக்கத்தில் மருந்துக்கடை, மூலையில் சாப்பாட்டுக்கடை. ஒவ்வொரு கதவும் விழ விழ ஊர் ஒரு படி கீழே இறங்கிப் போவதுபோல இருந்தது. நளீம் காக்கா தொப்பியைப் போட்டுக்கொண்டு, அத்தர் வாசம் படிக்கட்டு முழுக்க மணக்க இறங்கிப்போனார். பிறகு சத்தமில்லை. பள்ளியின் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தூரத்தில், தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல. ஏ.சி.யிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டுகிற தண்ணீர். சந்தைப் பக்கமிருந்து வெயிலில் வெந்த மீன்செதிலின் மணம். அவளுக்குப் பின்னால், இரண்டு கை நீளத்தில், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலுமாரி. அதற்குள் இந்த ஒபீஸின் சொந்தப் பெட்டி, தலைமைப் பெட்டி. அலுமாரிப் பூட்டின் திறப்பு எப்போதும் நளீம் காக்காவின் சட்டைப் பையில்தான்.

காரைதீவில் இந்த நேரத்துக்கு உச்சி என்று பெயர். உச்சியில் தெருவில் யாரும் திரிவதில்லை. உச்சியில் பேர் சொல்லி ஒருதரம் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது, இரண்டாம் தரமும் கூடாது. மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனிசர்தான், பதில் சொல்லலாம். அவளுக்கு அது தெரியும். ஆனால் புரோகிராமில், பதில் வராத பெட்டியை மூன்று தரம் கூப்பிடு என்று எழுதும்போது அது நினைவில் வரவில்லை. உலகத்தில் எல்லோரும் மூன்று தரம் என்றுதான் எழுதுகிறார்கள்.

தட்டினாள். வணக்கம் பறந்தது. பதில் வணக்கங்கள் மளமளவென்று திரையில் விழுந்தன. சாய்ந்தமருதுக்குப் போன வணக்கம் கண்ணிமைக்க முதல் திரும்பி வந்தது. இருநூற்றுப் பதினொன்று. ஒன்று மட்டும் நின்றது.

கோமாரி. பதில் இல்லை.

கோமாரி. பதில் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தை மாதம் யானை வந்து கோமாரிக் கம்பத்தைச் சாய்த்துப் பெட்டியை மிதித்துப் போயிருந்தது. தகரம்கூட மிஞ்சவில்லை, அவளே போய்ப் பார்த்தவள். பட்டியலிலிருந்து பெயரை வெட்ட மறந்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டும் சரி என்று வந்தால்தான் புரோகிராம் முன்னேறும். முடிந்தது கதை. பொத்துவில் றோட்டுத்தான். மூன்று மாதத்துத் தூக்கம் மண்ணாய்ப் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது, மூன்றாம் தரம் கூப்பிட்டதற்குப் பதிலாகத் திரையில் இருந்தது:

கோமாரி. வணக்கம்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை; வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஓர் ஆறுதல். யாரோ வேறு பெட்டி மாட்டியிருக்கிறான். றிப்தியாக இருக்கும், அந்த நாலு பேரில் வேலை செய்துவிட்டுச் சொல்ல மறக்கிற ஆள் அவன். ஆனால் கோமாரியின் வணக்கத்துக்குக் கீழே, தனக்கு என்னென்ன தெரியும் என்று பெட்டிகள் பட்டியல் தருகிற இடத்தில், ஒன்றுமே இல்லை. வெறும் வணக்கம் மட்டும். இடுப்பு நொந்தது. கண் எரிந்தது. ஜும்ஆ முடிய அரை மணித்தியாலம்கூட இல்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மாற்றத்தை அனுப்பினாள். அனுப்பினதும் மணிக்கூடு ஓடத் தொடங்கும். அதுவும் இந்தப் பேச்சின் ஒரு மரியாதை. பத்து நிமிடத்துக்குள் எல்லாப் பெட்டியும் சரி என்று சொல்லி, அவளும் கடைசியாக ஒருதரம் உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாம் தானாகவே பழையபடி திரும்பிவிடும்; ஒன்றுமே நடக்காததுபோல.

முதல் சரி கோமாரியிலிருந்து வந்தது.

பிறகு ஊர் ஊராக வந்தது. நூறு. நூற்றைம்பது. திருக்கோவிலில் ஒரு வரி சிவப்பாக நின்றது.

பெட்டி பூட்டியிருக்கிறது. பூட்டியவர்: 0.

கதைக்க வருகிற ஒவ்வொருவருக்கும் பெட்டி ஓர் இலக்கம் கொடுக்கும். வேறு யாராவது பூட்டியிருந்தால் அவருடைய இலக்கத்தைச் சொல்லும். பூச்சியம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் பதினொரு வருசத்தில் ஒருநாளும் கண்டதில்லை. பூச்சியம் என்றால், இந்தப் பேச்சு வழியாக வந்தவர் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பெட்டியில் கை வைத்திருப்பவர்.

இந்த வெயிலில். உச்சியில்.

றிப்திக்கு அடித்தாள். போன் நிறுத்தியிருந்தது, நிந்தவூர்ப் பள்ளியில் முன்வரிசையில் இருப்பான். மற்ற இரண்டு பேருடையதும் அப்படித்தான். அதற்குள் திருக்கோவில் பச்சையாகிவிட்டது. பூட்டுத் திறந்து, சரி என்று வந்திருந்தது. அவள் மூச்சை விட முதல் தம்பிலுவில் சிவந்தது.

பூட்டியவர்: 0.

திறந்தது. சரி. அடுத்தது அக்கரைப்பற்று. பூட்டியவர்: 0. திறந்தது. அட்டாளைச்சேனை. திறந்தது. பாலமுனை. திறந்தது. ஒலுவில்.

பஸ்ஸில் வந்தால் ஒன்றரை மணித்தியாலம். இது இரண்டு நிமிடத்தில் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஓடி வருவதாகவும் தோன்றவில்லை. ஒரு பெட்டியையும் தவறவிடாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் கை வைத்து நின்று, வீடு தேடி வருகிற ஆள் கேற் கேற்றாய்ப் பார்த்து வருவதுபோல வந்தது. கூப்பிட்டது எந்த வீடு என்று பார்த்து.

நிந்தவூர். பூட்டியவர்: 0.

அடுத்தது காரைதீவு. அவளுடைய வீட்டு மதிலிலும் ஒரு பெட்டி இருக்கிறது. மதுஷனின் இலக்கத்தைத் தேட இரண்டு தரம் பிழைத்தது. அவன் எடுத்தான். சோற்றுக் கோப்பை சத்தம் கேட்டது.

"என்னப்பா? சாப்பிட்டியா?"

"பிள்ளை எங்க?"

"உள்ளுக்குப் படுக்கிறாள். ஏன் இப்பிடி மூச்சு வாங்கிறாய்?"

"வெளியால ஆரும் வந்தவங்களா?"

"ஓம், இப்பதான். கேற்றடியில நிண்டு உன்னைக் கேட்டாங்க. கம்பனி ஆக்கள் போல. கல்முனை ஒபீஸிலதான் இருக்கிறாள் எண்டு சொல்லிட்டன்."

"ஆர்? ஆம்பிளையா பொம்பிளையா?"

கோப்பைச் சத்தம் நின்றது.

"வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிதப்பா," என்றான் மெதுவாக. "குரல் கேட்டது. ஆள்... நான் ஆளைப் பார்த்தனானா எண்டு தெரியல்ல."

"கதவைப் பூட்டு."

"போயிட்டாங்க. உன்னட்டத்தான் வாறாங்க."

திரையில் காரைதீவு பச்சையாகிவிட்டிருந்தது. மாளிகைக்காடு சிவந்து பச்சையானது. சாய்ந்தமருது சிவந்தது. மணிக்கூட்டில் நாலு நிமிடம் இருந்தது.

எழும்பி ஓடலாம். படிக்கட்டு இருக்கிறது, தெரு இருக்கிறது. தெருவில் ஒரு மனிசர் இல்லை. இப்போது இறங்கினால் தெருவில் அதுவும் அவளும் மட்டும்தான் எதிரெதிரே. இங்கே இருந்தால்? ஒரு பெட்டி மிச்சம் இருந்தாலும் உறுதி சொல்ல முடியாது. வரிசையில் கடைசி மிச்சம் அவளுக்குப் பின்னால் இருக்கிற தலைமைப் பெட்டி. அது இங்கே வரவேண்டும். வந்து, கை வைத்து, கையை எடுத்துவிட்டுப் போகவேண்டும். போனால்தான் கதிரை. அதைவிட, ஓடுவதற்குக் கால் வேண்டும். பதினொரு வருசத்துக் களைப்பு அந்தக் கதிரைக்குள் அவளை ஈரமண்போல இறக்கி வைத்திருந்தது. வந்தால் வரட்டும் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைதான் அவளை மிகவும் பயப்படுத்தியது.

கல்முனைக்குடி. பூட்டியவர்: 0.

ஏ.சி. சொட்டுவது நின்றது.

குத்பாவும் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

படிக்கட்டில் காலடி கேட்கும் என்று காதைக் கொடுத்திருந்தாள். கேட்கவில்லை. மணம்தான் வந்தது. காய்ந்த குளத்தின் அடிமண் மணம். அதோடு சூடேறிய இரும்பு.

கல்முனைக்குடி பச்சை.

கல்முனை, தலைமைப் பெட்டி.

பூட்டியவர்: 0.

இரண்டு கை நீளம்.

திரும்பவில்லை. கழுத்து திரும்பாது. திரையின் கறுப்பு ஓரத்தில் தன் முகம் தெரிந்தது; அதற்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்க்காமல் இருக்க எழுத்துகளையே பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்று. ஒரு நிமிடம் நாற்பது செக்கன்.

போகவில்லை.

மற்ற எல்லா இடத்திலும் போனது. இங்கே போகவில்லை.

பூட்டியவரை வெளியேற்றுகிற கட்டளை ஒன்று உண்டு. இலக்கத்தைச் சொன்னால் வெளியே தள்ளிவிடும். பூச்சியம் என்று தட்டினாள். அப்படி ஓர் இலக்கத்தை வெளியேற்ற முடியாது என்று வந்தது. திரும்பத் தட்டினாள். முடியாது.

ஐம்பது செக்கன்.

பிடரியில் காற்றுப் பட்டது. ஏ.சி.க் காற்று இல்லை. சூடு. பட்டது. நின்றது. பட்டது.

முப்பது.

கும்பிடவேண்டும் போல இருந்தது, வாயில் ஒரு சாமியின் பெயரும் வரவில்லை. அழவேண்டும் போல இருந்தது. வந்தது வேறு. வீட்டுக்கு வந்தவர் எழும்பாமல் இருந்தால், நேரமாச்சு என்று சொல்லமாட்டாமல், பிறந்ததிலிருந்து எல்லோரும் சொல்கிற அந்த ஒரு வார்த்தை. யோசித்துச் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது.

"போயிட்டு வாங்க."

மணம் அடங்கியது.

பூட்டுத் திறந்தது. சரி.

இருநூற்றுப் பன்னிரண்டு. பன்னிரண்டு செக்கன் இருக்க உறுதியைத் தட்டினாள். திரை முழுக்கப் பச்சை. வாளிக்குள் தண்ணீர் மறுபடி சொட்டியது. பால் தேத்தண்ணியில் இன்னும் ஆடை படியவில்லை.

நளீம் காக்கா மேலே ஏறி வந்தபோது அவள் அதே இடத்தில், இரண்டு கையும் மேசையில் விரித்தபடி இருந்தாள். அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டா? அடி புள்ள, இரிக்கிறதே இருநூத்திப் பதினொண்டுதான்! கோமாரிப் பெட்டிய யானையல்லவா மிதிச்ச?"

அவள் சொன்னாள். நடுக்கமில்லாமல், களைத்த குரலில், திருக்கோவிலிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் சிரிப்புக் கூடிக்கொண்டே போனது.

"வெறும் வகுத்தோட ஒத்தயில இருந்தா இப்பிடித்தான். பூச்சியமாம், பூட்டாம். புரோகிராமில பிழை. திங்கக்கிழமை பாப்பம். கதிரை உனக்குத்தான், நான் சொன்ன சொல்லுல நிப்பன். என்னத்தச் சொல்லி அனுப்பினயாம் அத?"

"போயிட்டு வாங்க எண்டு."

"போயிட்டு..." அவர் பாதியில் நிறுத்தினார். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. "வரச் சொல்லியா விட்ட?"

சொன்ன நேரத்திலிருந்து அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் தலைமைப் பெட்டியின் வரி சிவந்தது. ஒன்று மட்டும். ஊர் ஊராக வரவில்லை இந்த முறை, வழி தெரிந்திருந்தது.

நளீம் காக்கா அலுமாரியை நோக்கி நடந்தார். "பிழைதான், கம்பி லூஸ்," என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பைக்குள் திறப்பைத் தேடினார். கண்ணாடிக் கதவில், அவருடைய முகத்துக்கு நேரே, மூச்சுப் படிந்ததுபோல வட்டமாக ஒரு மங்கல் இருந்தது. கைலேஞ்சியால் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார்.

உட்பக்கம்.

கண்ணாடிக்கும் உள்ளே இருந்த தலைமைப் பெட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் கிடையாது. மங்கல் சுருங்கி ஒரு காசளவாகியது. பிறகு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. நளீம் காக்கா தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது அடக்கவில்லை.

திறப்பை மெதுவாகச் சட்டைப்பைக்குள்ளேயே விட்டார். பின்னுக்கு வந்து, அவளுடைய கதிரையின் சாய்வைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னது மெய்தான் புள்ள," என்றார், அலுமாரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓம். வந்திரிக்காங்க."